அப்பாவின் பட்டியலும் அப்பத்தாவின் ஹாடோவும்

சுற்றுலா என்றால் சிலருக்குப் பெட்டி கட்டுவதுதான் பெரிய வேலை. சிலருக்கு முறுக்கு, அதிரசம் சுட்டு டப்பாவில் அடைப்பது. இந்தக் கதையில் வரும் அப்பாவுக்கோ சுற்றுலா என்றால் பட்டியல்! மதுரையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் வேலை. எதையும் கோடு போட்டு, மணி போட்டு எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

குடும்பத்தில் மொத்தம் ஐந்து பேர். அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு மகன், அப்புறம் அப்பாவின் அம்மா. ராமநாதபுரம் பக்கத்து வழக்கப்படி பேரப்பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. இங்கேயும் அவர் அப்பத்தாதான். வயது எழுபத்தைந்து. முழங்கால் வலி உண்டு, ஞாபகசக்தி மட்டும் கத்தி மாதிரி.

அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான் போவது என்று முடிவானதற்குக் காரணம் எல்.டி.சி. எனப்படும் விடுப்புப் பயணச் சலுகை. மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊர் போவதற்கான சலுகையை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளலாம், விமானத்திலும் போகலாம் என்று ஒரு தளர்வு இருக்கிறது. "இந்த வருஷம் விட்டா வீணாப் போயிடும்" என்றார் அப்பா. கணக்குப் பிரிவுக்காரருக்கு 'வீணாப் போயிடும்' என்பதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது. அவரைச் சார்ந்து இருப்பவர் என்பதால் அப்பத்தாவின் பெயரும் விண்ணப்பத்தில் ஏறியது.

"நான் எதுக்குப்பா? முழங்காலோட..." என்று அப்பத்தா சொல்வார் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "போட்டுபிளேருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போர்ட் பிளேர் என்ற பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது. அப்பத்தாவுக்கு அது கடைசிவரை போட்டுபிளேருதான்!

அந்தமான் நிகோபாரில் 800க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மக்கள் வாழ்பவை 40க்கும் குறைவு. அதில் ஊரைச் சுற்றிப் பார்க்க அப்பா ஒதுக்கியது ஒரே நாள். மறுநாள் அதிகாலை ஹேவ்லாக் தீவுக்குப் படகு. (2018 டிசம்பரிலிருந்து அதன் பெயர் சுவராஜ் தீவு.) ஆகவே ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பட்டியல் இப்படி இருந்தது:

காலை 5.00 - கார்பின்ஸ் கோவ் கடற்கரை
காலை 9.00 - செல்லுலார் சிறை
காலை 11.00 - ராஸ் தீவு
மதியம் 1.30 - சாப்பாடு
மதியம் 3.00 - சிடியா டாபு, சூரிய அஸ்தமனம்
மாலை 6.30 - சிறையில் ஒலி ஒளிக் காட்சி

இதைப் பார்த்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "மூச்சு விட எத்தனை மணிக்குங்க?"

காலை ஐந்து மணி என்றதும் பிள்ளைகள் முனகினார்கள். ஆனால் வெளியே வந்தால் வானம் ஏற்கனவே வெளுக்க ஆரம்பித்திருந்தது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய நேரம் முழுவதும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமான் இருப்பதோ ஏறக்குறைய 92.7 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் பத்து டிகிரிக்கு 40 நிமிடம். மதுரையோடு ஒப்பிட்டால் சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. கைக்கடிகாரம் மதுரையிலும் இங்கேயும் ஒரே நேரம்தான் காட்டுகிறது. சூரியனுக்கு அது தெரிய வேண்டுமே! டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் சூரியன் கடலுக்குள் போய்விடும். அதனால்தான் அப்பா அஸ்தமனத்துக்கு மூன்று மணிக்கே கிளம்பத் திட்டம் போட்டிருந்தார்.

கார்பின்ஸ் கோவ் அரைவட்டமாக வளைந்த சின்னக் கடற்கரை. ஓரத்தில் தென்னை மரங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கட்டிய பதுங்கு குழிகள் அந்தப் பக்கம் இன்னும் நிற்கின்றன. மகன் அதற்குள் தலையை விட்டு "டிஷ்யூம்" என்று சுட்டுக்கொண்டிருந்தான். மகள் படம் எடுத்துத் தள்ளினாள். அவளுடைய கண் முழுக்கச் சாயங்காலத்து சிடியா டாபு மேல்தான். ஊருக்குத் தெற்கே 25 கிலோமீட்டர், காட்டுப் பாதை, அஸ்தமனத்துக்குப் பேர் போன இடம். தோழிகளிடம் படம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அப்பத்தா அலையில் கால் நனைக்கவில்லை. மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு எந்தப் பக்கம்?" என்று மகனைக் கேட்டார். அவன் செல்போனில் திசைகாட்டி பார்த்து, பின்னால் மேற்கே கை காட்டினான். அப்பத்தா கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி, அந்தப் பக்கம் இருந்த மலையைப் பார்த்தார்.

ஒன்பது மணிக்குச் செல்லுலார் சிறை.

பாடப்புத்தகத்தில் படித்தது வேறு, நேரில் நிற்பது வேறு. 1896இல் கட்ட ஆரம்பித்து 1906இல் முடித்த கட்டடம். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு கிளைகள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. மொத்தம் 690க்கும் மேற்பட்ட தனி அறைகள். ஒரு கிளையின் அறை வாசல்கள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எதிரே இருப்பவன் முகத்தைக்கூட இன்னொரு கைதி பார்க்க முடியாது. சுவர்களைவிட இந்த ஏற்பாடுதான் பயமுறுத்துகிறது. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் கண்ணில் படாமல் வைக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

அறை பதின்மூன்றரை அடி நீளம், ஏழு அடி சொச்சம் அகலம். உயரத்தில் ஒரு சின்னத் துவாரம். அரசியல் கைதிகளைச் செக்கில் மாடு போலப் பூட்டி எண்ணெய் ஆட்டச் சொன்னார்கள். அந்தக் கொட்டகையில் பொம்மை வைத்துக் காட்டுகிறார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த மகன் அங்கே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஏழு கிளைகளில் இன்று மிச்சம் மூன்றுதான். 1979 பிப்ரவரி 11 அன்று அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவகமாக அறிவித்தார். இந்த வளாகத்தில்தான் 1963இலிருந்து கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது. காரோட்டி வந்த தம்பி இதைச் சொன்னதும் அப்பத்தா நின்றுவிட்டார்.

"என்ன சொன்ன? ஆசுபத்திரியா? ஜெயிலுக்குள்ளயா?"

"ஆமா பாட்டிம்மா, அதோ தெரியுது பாருங்க. இந்த ஊருக்கே பெரிய ஆஸ்பத்திரி அதுதான்."

அப்பத்தா அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

தாத்தா 1970இல் அந்தமானுக்குப் போனவர். பரமக்குடி பக்கம் மழை பொய்த்து, பிழைப்பு தேடிக் கப்பல் ஏறிய எத்தனையோ பேரில் ஒருவர். ஹாடோ என்ற இடத்தில் குடிசை, சாத்தம் என்ற இடத்தில் மரம் ஏற்றும் கூலி வேலை. ஒன்பது வருடம். மாதாமாதம் மணியார்டர் வரும். அந்தப் பாரத்தின் அடித்துண்டில் இரண்டு வரி எழுதலாம். அதுதான் கடிதம். தாத்தாவுக்கு ஒரு முறை மலேரியா வந்தபோது, "ஜெயில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தேன், இப்போது சுகம்" என்று எழுதியிருக்கிறார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டியவர் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இன்னார் அந்தமான் ஜெயிலில் இருக்கிறார்! வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷம் ஆகப் போகிறது, அங்கே இப்போது யாரையும் அடைப்பதில்லை என்றெல்லாம் கிராமத்தில் யாருக்குத் தெரியும்?

"கெணத்தடில எம்புட்டுப் பேச்சுங்கற... திருடிட்டானாம், வெட்டிட்டானாம். நானும் இம்புட்டு நாளா ஒரு பக்கம் சந்தேகப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வந்தப்புறமும் கேக்கல. எப்புடிக் கேக்குறது?"

இதைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அப்பா மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அவரும் இந்தக் கதையை முதல் முறையாக அன்றுதான் கேட்கிறார்.

அடுத்தது ராஸ் தீவு. இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. படகில் கால் மணி நேரம். 1858இலிருந்து 1941 வரை ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுதான். தேவாலயம், ரொட்டி அடுமனை, நீச்சல் குளம், ஆணையர் மாளிகை என்று ஒரு குட்டி லண்டனே கட்டியிருந்தார்கள். 1941 ஜூனில் நிலநடுக்கம், 1942 மார்ச்சில் ஜப்பானியர் வருகை, அதோடு கதை முடிந்தது. இன்று அந்தச் சுவர்களை எல்லாம் ஆலமர வகை வேர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சில இடங்களில் செங்கல் போய்விட்டது, வேர்தான் சுவர் மாதிரி நிற்கிறது. புள்ளி மான்கள் ஆட்டுக்குட்டி போலப் பக்கத்திலேயே வருகின்றன. அப்பத்தாவுக்காக பேட்டரி வண்டி எடுத்தார்கள்.

"இம்புட்டு பெரிய வீட்டைக் கட்டிட்டு ஒரு பயலும் இல்லாமப் போயிட்டானே" என்றார் அப்பத்தா. எண்பது வருட வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஒன்றரை மணிக்கு அபர்தீன் பஜாரில் ஒரு மெஸ். பெயர்ப்பலகை தமிழில், பரிமாறியவர் பேசியதும் தமிழ். இங்கே தமிழும் அடிக்கடி காதில் விழுகிறது. வெற்றிமலை முருகன் கோயிலே இருக்கிறது. சூரை மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே அப்பத்தா கேட்டார்.

"ஏப்பா, இந்த ஹாடோங்கறது இங்கனதான் எங்கயோ இருக்காம்ல?"

அப்பா மணியைப் பார்த்தார். "பக்கம்தாம்மா. ஆனா அங்க பாக்க ஒண்ணும் இல்ல. ஹார்பர், வீடுங்க, அவ்வளவுதான். நாம மூணு மணிக்கு சிடியா டாபு கிளம்பணும்."

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பளத்தை நொறுக்கினார். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒண்ணும் இல்லாத எடத்துலயா ஒன்பது வருசம் இருந்தாக?"

மேசையில் யாரும் பேசவில்லை. அம்மாதான் மெதுவாக, "என்னங்க, அத்தை இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லையே" என்றார்.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப சன்செட்?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தானே. மறுநாள் காலையில் படகு. திரும்பி வந்த அன்றே விமானம். சிடியா டாபு இன்று இல்லையென்றால் இந்தப் பயணத்திலேயே இல்லை.

பொருளியல் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடுகிறோமோ அதுதான் தேர்ந்தெடுத்ததன் உண்மையான விலை என்பார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிடலாம். மெஸ்ஸில் பிள்ளையின் முகத்துக்கும் தாயின் முகத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அப்பா பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பார்த்தார். மடித்து உள்ளே வைத்துவிட்டு, "ஹாடோ போப்பா" என்று காரோட்டித் தம்பியிடம் சொன்னார்.

ஹாடோவில் உண்மையிலேயே பார்க்க ஒன்றும் இல்லை. அப்பா சொன்னது சரிதான். மேடும் பள்ளமுமான சாலை, சரிவில் வீடுகள், கடைகள். தாத்தாவின் குடிசை எங்கே இருந்தது என்று யாரைக் கேட்பது? ஐம்பது வருடத்தில் எத்தனை வீடு எழும்பியிருக்கும்? துறைமுக வாசலில் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அப்பத்தா காரின் கண்ணாடியை இறக்கி ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அங்கிருந்து சாத்தம். ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் தீவு. 1883இல் தொடங்கிய மர ஆலை அங்கே இருக்கிறது. ஆசியாவின் பழைய, பெரிய மர ஆலைகளில் ஒன்று. 1942இல் ஜப்பானியர் குண்டு போட்ட பள்ளத்தை உள்ளே இன்னும் காட்டுகிறார்கள். இவர்கள் போனபோது பார்வை நேரம் முடிந்துவிட்டிருந்தது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். சிடியா டாபுவும் போயிற்று, ஆலையும் போயிற்று!

அப்போதுதான் காரோட்டித் தம்பி ஒரு யோசனை சொன்னார். "சார், இங்கேர்ந்து பேம்பூ பிளாட்டுக்கு ஃபெரி போகும். எல்லாரும் தினம் வேலைக்குப் போய் வர்ற ஃபெரிதான். ஏறுனா ஆலை, ஜெட்டி, ஹாடோ துறைமுகம் எல்லாம் தண்ணியிலேர்ந்து தெரியும். போயிட்டு அதுலயே திரும்பிடலாம். நானும் வர்றேன்."

அது சுற்றுலாப் படகு இல்லை. ஸ்கூட்டர், பால் கேன், காய்கறி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக ஏறும் படகு. மரப்பலகையில் ஏறும்போது அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டவள், சற்று முன்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகள்.

படகு நகர்ந்தது. எதிரே பச்சையாக ஒரு மலை. மவுன்ட் ஹாரியட் என்று பெயர், 2021இலிருந்து மவுன்ட் மணிப்பூர். மகன் பையிலிருந்து பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டை எடுத்தான். 2001இல் வெளியான அந்த நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தென்னை மரமும் கடலும் இந்த ஊர்க் காட்சிதான். (2019இல் வந்த புது நோட்டில் எல்லோரா வந்துவிட்டது.) நோட்டைத் தூக்கிப் பிடித்து மலையோடு ஒத்துப் பார்த்தான். ஒத்துப்போகவில்லை. "மலைக்கு மேல போய் பாத்தாத்தான் அந்த மாதிரி தெரியும் தம்பி" என்றார் காரோட்டி.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊரும்மா?"

"பரமக்குடி பக்கம்."

"அடியாத்தி! எங்க மாமியாளுக்குக் கமுதி. அவுக இருந்தவரைக்கும் ஊரு ஊருன்னே சொல்லிக்கிட்டிருந்தாக. நான் ஒரே ஒரு தடவதான் வந்திருக்கேன்."

படகு திரும்பும்போது துறைமுகம் முழுதாகத் தெரிந்தது. ஹாடோ துறையில் ஒரு பெரிய கப்பல் நின்றது. "அதுதான் பாட்டிம்மா மெயின்லேண்ட் கப்பல்" என்றார் காரோட்டித் தம்பி. மூன்று நாள் பயணம், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். இவர்கள் சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் பறந்து வந்த அதே தூரம்.

"இது தெனம் போகுமா?" என்று கேட்டார் அப்பத்தா.

"தெனமா? நீங்க வேற! சென்னைக்கு மாசத்துக்கு ரெண்டு, மூணு தடவை போனா பெரிசு. கடல் கொந்தளிச்சா தேதி தள்ளிப் போயிடும். கப்பல் ரிப்பேருக்குப் போயிட்டா அதுவும் இல்ல. இப்பவே இப்படி. அந்தக் காலத்துல கேக்கவே வேணாம். எங்க தாத்தா முதுகுளத்தூர்ல செத்தப்ப எங்கப்பாவுக்குத் தந்தி வந்துச்சாம். முந்தின நாள்தான் கப்பல் போயிருந்துச்சாம். அடுத்த கப்பலுக்கு எத்தனையோ நாள். போகவே இல்ல. கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்."

அப்பத்தா அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். கரை வரும் வரை பேசவில்லை. அவருடைய விரல்கள் மட்டும் பலகையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

இரண்டாவது கதை அன்று இரவுதான் வெளியே வந்தது. அம்மாவும் பிள்ளைகளும் ஒலி ஒளிக் காட்சிக்குப் போனார்கள். சிறை வளாகத்து அரசமரம் தான் பார்த்ததை எல்லாம் சொல்வது போல அமைத்த காட்சி அது. அப்பத்தாவுக்குக் கால் வீங்கிவிட்டதால் அப்பா அறையிலேயே தங்கினார்.

அப்பத்தா சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மணியார்டர் அடித்துண்டுகள். மஞ்சளாகி, மடிப்பு விழுந்து, சில ஓரம் அரித்து. டிரங்குப் பெட்டியில் அன்று துழாவியது இதைத்தான். எல்லாவற்றிலும் அனுப்புநர் முகவரி ஒன்றுதான்: ஹாடோ, போர்ட் பிளேர். எழுத்து தெரியாத அப்பத்தாவுக்கு அந்த வார்த்தை மட்டும் படமாகத் தெரியும்.

"1976ல உங்கய்யாவோட அப்பா போயிட்டாக. ஐப்பசி மாசம், அடைமழை. தந்தி அடிச்சோம். தலைச்சன் பிள்ளை இவுகதான, கொள்ளி வைக்க வரணும்ல? வரல. சித்தப்பாதான் வச்சாரு. பதினாறாம் நாளும் ஆச்சு, வரல. அதுக்கப்புறம் ஒரு வாரம் கழிச்சு வந்து நிக்கிறாக, தாடியும் மீசையுமா. ஏன்னு கேட்டா 'கப்பல் இல்ல'ங்கறாக. வேற ஒரு வார்த்தை இல்ல."

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"கப்பல் இல்லையாம்ல... பஸ்ஸு இல்லைங்கற மாதிரி சொல்றானேன்னு ஊரே பேசுச்சு. உங்க அத்தை மூஞ்சிக்கு நேராவே சொன்னா, சம்பளம் போயிடும்னு நீ வரலண்ணேன்னு. அதோட அவுககிட்ட பேச்சை விட்டா. நானும்... நானும் நம்பல. அதுதான் நெசம். மூணு வருசம் கழிச்சு ஒரேயடியா வந்தாக, அப்பவும் நம்பல. 2003ல அவுக சாகுறவரைக்கும் எதாவது சண்டைன்னா அதைத்தான் எடுப்பேன். பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்காத ஆளுதானம்பேன். ஒண்ணும் சொல்ல மாட்டாக. எந்திரிச்சு வெளிய போயிருவாக."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னைக்குத்தான்பா தெரியுது. கப்பல் இல்லைன்னா இல்லைதான். நீந்தியா வர முடியும்?"

அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் 1973இல் பிறந்தவர். தாத்தா ஊரோடு திரும்பி வந்த 1979இல் அவருக்கு ஆறு வயது. "அப்பா வந்த அன்னிக்கு நான் என்னம்மா பண்ணேன்?" என்று கேட்டார்.

"கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்ட. யாரும்மா இவருன்னு கேட்ட."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பையிலேருந்து ஒரு சங்கை எடுத்து வாசப்படில வச்சுட்டு, திண்ணையில போயி உக்காந்துகிட்டாக. நீயா வந்து எடுக்குற வரைக்கும்."

அந்தச் சங்கு மதுரை வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் இன்றும் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று அப்பா இதுவரை யோசித்ததில்லை.

பிறகு அப்பத்தா போன் போட்டுத் தரச் சொன்னார். யாருக்கு என்றால், நாத்தனாருக்கு. அப்பாவின் அந்த அத்தைக்கு. பரமக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. இரண்டு பேரும் கல்யாணம் காட்சியில் பார்த்தால் பேசுவதோடு சரி.

"ஏத்தா, நான்தான். போட்டுபிளேருல இருந்து பேசுறேன்... ஆமா, எல்லாரும் வந்திருக்கோம். இங்க பாரு, ஒண்ணு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒங்கண்ணன் அன்னைக்குச் சொன்னாகல்ல, கப்பல் இல்லைன்னு. நான் நேர்ல வந்து பாத்துட்டேன்த்தா. அவுக பொய் சொல்லல."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று அப்பாவுக்குக் கேட்கவில்லை. அப்பத்தா ரொம்ப நேரம் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்து திரும்பிய அம்மா வழக்கம்போல அன்றைய செலவுக் கணக்கை நோட்டில் எழுதினார். கார் வாடகை, சிறை நுழைவுச்சீட்டு, ராஸ் தீவுப் படகு, சாப்பாடு... எல்லாவற்றிலும் சின்னத் தொகை பேம்பூ பிளாட் ஃபெரி. அன்று முழுவதும் செய்த செலவில் எதற்குப் பலன் அதிகம் என்று அம்மாவுக்கு அப்பா அப்புறம்தான் சொன்னார். சிடியா டாபு அஸ்தமனத்தை மகள் பார்க்கவில்லை. அந்தக் குறை அவளுக்கு இருக்கிறது, ஊர் திரும்பியும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பதிலாக அவள் அன்று எடுத்த ஒரு படம் வீட்டில் பெரிதாக்கி மாட்டப்பட்டிருக்கிறது. படகின் விளிம்பில் ஒரு வயதானவரின் முதுகு. எதிரே ஒரு கப்பல்.

நீங்களும் ஏதாவது தீவுக்கோ மலைக்கோ குடும்பத்தோடு போகலாம். போங்கள், பட்டியலும் போடுங்கள். ஒரு நாளில் ஆறு இடம் பார்ப்பதில் தப்பே இல்லை. கூட வரும் பெரியவர்களிடம் மட்டும் கிளம்புவதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், "உங்களுக்கு அங்க எதைப் பாக்கணும்?" என்று. அவர்கள் உடனே சொல்லமாட்டார்கள். மீன் குழம்பு பிசையும்போதுதான் சொல்வார்கள். அதற்காகப் பட்டியலில் ஒரு வரி காலியாக இருக்கட்டும்.